ஒரு ஹாம் மறைந்தால் அவருடைய அழைப்புக்குறிக்கு என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: எங்கள் ஹாம் வானொலி (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் பேசுவது) மன்றத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் காலமாகிவிட்டார். காலை நெட்டில் (குறித்த நேரத்தில் எல்லோரும் காற்றில் கூடிப் பேசுவது) முதலில் கேட்கும் குரல் அவருடையதுதான். வாட்ஸ்ஆப் குழுவில் படம் போட்டு இரங்கல் எழுதியாயிற்று. இதற்கு மேல் முறைப்படி என்ன செய்வார்கள்? வீட்டில் ஒரு அறை நிறையக் கருவிகள், மொட்டைமாடியில் டவர். அவர் துணைவியாருக்கு இவற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது.

பதில்:

ஹாம்களுக்குள் ஆளைவிட, உரிமத்தோடு வரும் அடையாள எழுத்தான அழைப்புக்குறிதான் பழக்கம். இருபது வருடம் தினமும் பேசியவருடைய இனிஷியல் என்ன, எந்தத் தெருவில் வீடு என்று தெரியாமலே இருப்பார்கள். குறியைச் சொன்னால் குரலே காதில் வந்துவிடும். ஜோர்டான் மன்னர் ஹுசைன் காற்றில் வெறும் ஜேஒய்1. ராஜீவ் காந்தி வியூ2ஆர்ஜி. அதனால் இந்தப் பொழுதுபோக்கில் அஞ்சலி என்பது பெரும்பாலும் அந்தக் குறியை எப்படிக் கையாள்கிறோம் என்பதுதான். மலர்வளையம் அதற்குப் பிறகு.

மறைந்தவரை உலகம் முழுக்க 'சைலன்ட் கீ' என்பார்கள். தந்திக் காலத்திலிருந்து வந்த வழக்கு: அவருடைய மோர்ஸ் சாவி (தந்திக் குறி அடிக்கும் விசை) மௌனமாகிவிட்டது. சுருக்கமாக எஸ்கே. மோர்ஸில் உரையாடல் முடிந்தது என்பதற்கும் இதே எஸ்கேதான். இடைவெளி விடாமல் டிட் டிட் டிட் டா டிட் டா. உயிரோடிருப்பவர்களும் தினமும் அடிக்கும் குறி அது. ஆகவே குழுவில் செய்தி எழுதும்போது வெறுமனே எஸ்கே என்று போடாமல் 'சைலன்ட் கீ' என்று முழுசாக எழுதுங்கள்.

அதைவிட முக்கியம், செய்தி உண்மைதானா என்று உறுதிசெய்வது. உங்கள் விஷயத்தில் அந்தச் சந்தேகம் இல்லை, ஆனால் வெளியூர், வெளிநாட்டு நண்பர்களுக்குச் செய்தி பரவும்போது தப்பு நடக்கும். பல நாடுகளில் ஒருவர் விட்டுப்போன அழைப்புக்குறியை இன்னொருவருக்குக் கொடுப்பார்கள். பழையவர் இறந்த செய்தியை இப்போது அதே குறியை வைத்திருப்பவர் மேல் ஏற்றி, உயிரோடிருப்பவருக்கு இரங்கல் அனுப்புவது அடிக்கடி நடக்கும் கூத்து. அழைப்புக்குறி, பெயர், ஊர், இறந்த தேதி நான்கையும் சேர்த்தே அறிவியுங்கள். அமெரிக்க ஹாம்களின் சங்கமான ஏஆர்ஆர்எல் தன் க்யூஎஸ்டி இதழில் சைலன்ட் கீ பட்டியல் போடுவதற்கும் இதே விவரங்களைக் கேட்கும்; சொல்பவர் யார், அவர் குறி என்ன என்பதும் வேண்டும்.

போடக்கூடாதது ஒன்று உண்டு: வீட்டு முகவரியும் இறுதிச் சடங்கு நேரமும் ஒரே பொதுச் செய்தியில். க்யூஆர்இசட் போன்ற அழைப்புக்குறித் தளங்களில் பலருடைய முகவரி ஏற்கெனவே கிடக்கிறது, அறையின் படமும் இருக்கும். எல்லோரும் மயானத்துக்குப் போயிருக்கும் மணி எது என்பதையும் நாமே திருடனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நேரத்தைத் தனித்தனியாகச் சொல்லலாம்.

இனி நெட்டில் செய்யும் அஞ்சலி. 40 மீட்டர் அலைவரிசையில் நடத்துவதானால் காலையே நல்லது. பகலில் அந்த அலைவரிசை சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் நன்றாகக் கேட்கும். இருட்டிய பிறகு பக்கத்து ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் கேட்காமல் போய், எங்கோ தொலைதூரம் உள்ளே வரும். நடத்தும் ஒருவரையும், அவர் சிக்னல் எட்டாத இடங்களுக்கு எடுத்துச் சொல்ல வேறு ஊரில் ஒருவரையும் முன்பே பேசிவையுங்கள். வழக்கமான செக்-இன் (வருகை சொல்வது) முடிந்ததும் நெட் நடத்துபவர் மறைந்தவரின் குறியை மூன்று முறை அழைப்பார், ஒவ்வொரு அழைப்புக்கும் பிறகு பத்துப் பதினைந்து விநாடி காத்திருப்பார். பதில் வராது. பிறகு, இந்த நிலையம் சைலன்ட் கீ என்று தேதியோடு சொல்லி மௌனத்துக்குப் போவார். அந்த மூன்று அழைப்பும் காத்திருப்பும் போதும், இதில் வசனம் சேர்த்தால் கெடும்.

மௌனத்தில்தான் சொதப்பல் வரும். எச்எஃப்பில் (40 மீட்டர் போன்ற சிற்றலைகளில்) ஒரு நிமிடம் யாரும் பேசாமலிருந்தால், விஷயம் தெரியாத யாரோ 'அலைவரிசை காலியா?' என்று கேட்டுக்கொண்டு நுழைவார், அவர்மேல் தப்பில்லை. முப்பது விநாடி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நடுவில் ஒரு முறை 'அலைவரிசை பயன்பாட்டில் உள்ளது' என்று சொல்லிவிடுங்கள். விஎச்எஃப் ரிப்பீட்டரில் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் பொது நிலையம்) வேறு தொல்லை: அது தன் அடையாளக் குறியைத் தானே மோர்ஸில் கத்தும். நேரம் பார்த்து, அது ஒலித்து முடிந்தவுடன் மௌனத்தைத் தொடங்கினால் இடையூறு இராது.

அவருக்குப் பிடித்த பாட்டை ஒலிபரப்பலாமே என்று யாராவது சொல்வார்கள். கூடாது. அமெச்சூர் அலைவரிசையில் இசை அனுப்ப அனுமதி கிடையாது, தேவாரமானாலும் இளையராஜாவானாலும் சட்டம் ஒன்றுதான். உரிமம் இல்லாத வீட்டாரிடம் மைக்கைக் கொடுப்பதையும் தவிருங்கள். அவர்கள் நேரில் கூடும் இடத்தில் பேசட்டும். இன்னொன்று: அவர் குறியை அழைப்பது வேறு, அவர் குறியை உங்கள் நிலையத்தின் அடையாளமாகச் சொல்லி அனுப்புவது வேறு. இரண்டாவது எவ்வளவு பாசத்தில் செய்தாலும் குற்றம்.

மோர்ஸில் விடைகொடுக்க விரும்பினால் அதற்கு டிரான்ஸ்மிட்டரே வேண்டாம். பயிற்சி ஆசிலேட்டரும் (ஒலி மட்டும் எழுப்பும் கருவி) சின்ன ஸ்பீக்கரும் போதும். அவர் குறி, 73, எஸ்கே. அவர் வழக்கமாக அடித்த வேகத்தில். 73 என்றால் அன்பான வாழ்த்துகள். அவருடைய சாவியையே பயன்படுத்தலாம், ஆனால் அதிலுள்ள இடைவெளித் திருகையும் ஸ்பிரிங் திருகையும் திருகக்கூடாது. எத்தனையோ வருடம் அவர் மணிக்கட்டுக்குப் பழகிய அளவு அது. ஒரு முறை தளர்த்திவிட்டால் திரும்ப வைக்க யாராலும் முடியாது. சாவியைச் சட்டம் போட்டு மாட்டுவதானாலும் அடிப்பலகையில் துளை போடாமல் கவ்வி வைத்து மாட்டச் சொல்லுங்கள்.

இவையெல்லாம் நடப்பதற்கு முன்பே, முடிந்தால் முதல் இரண்டு மூன்று நாளில், ஒரு வேலை இருக்கிறது. பெரும்பாலானோர் மறப்பது இதைத்தான். அவர் குறி இன்னும் காற்றில் போய்க்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்றைய ஹாம் வீட்டில் தானாக ஓடும் நிலையம் ஏதாவது ஒன்று இருக்கும்: இருப்பிடத்தை அனுப்பும் ஏபிஆர்எஸ் நிலையம், சோதனைக் குறி அனுப்பும் டபிள்யூஎஸ்பிஆர் பீக்கன், வானொலியை இணையத்தோடு சேர்க்கும் எக்கோலிங்க் இணைப்பு, மூலையில் மினுக்கும் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி. ஆள் போய் ஆறு மாதம் கழித்தும் வரைபடத்தில் அவர் குறி பத்து நிமிடத்துக்கொரு முறை தோன்றுவது பார்ப்பவருக்கும் வேதனை, சட்டப்படியும் பொறுப்பாளர் இல்லாத ஒலிபரப்பு. முதலில் டிரான்ஸ்மிட்டரின் மின்சாரத்தை நிறுத்துங்கள். கணினியை வெடுக்கென்று பிடுங்க வேண்டாம், அதில்தான் லாக் (யாரோடு எப்போது பேசினார் என்ற பதிவேடு) இருக்கிறது. ரிப்பீட்டர் அவர் பெயரில் இருந்தால், பொறுப்பை எழுத்துமூலம் வேறொருவருக்கு மாற்றும்வரை அதையும் நிறுத்திவைப்பதே சரி.

லாக் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்களுக்கு அது ஒரு மனிதரின் நினைவு. உலகில் வேறு சிலருக்கு அது இன்னும் நடப்புக் கணக்கு. அவரோடு பேசியவர்கள் அந்தத் தொடர்பை உறுதிசெய்து விருதுகளுக்குக் கணக்குக் காட்டுவார்கள். தொலைதூரத் தொடர்புகளுக்கான டிஎக்ஸ்சிசி விருதுக்குக் குறைந்தது 100 நாடுகள், பிரதேசங்களோடு பேசிய உறுதி வேண்டும். அவர் எப்போதாவது அந்தமானிலிருந்தோ லட்சத்தீவிலிருந்தோ இயக்கியிருந்தால், அந்தச் சில நாள் லாக்கைத் தேடி எத்தனையோ வருடம் கழித்தும் கடிதம் வரும்.

கணினியில் .ஏடிஐ என்று முடியும் கோப்புகளைத் தேடுங்கள்; லாக் மென்பொருள்கள் பொதுவாக ஏற்றுமதி செய்யும் ஏடிஐஎஃப் வடிவம் அது. எஃப்டி8 (கணினி வழியே பேசும் டிஜிட்டல் முறை) இயக்கியவர் என்றால் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருள் தானாகவே ஒரு ஏடிஐ கோப்பை எழுதிக்கொண்டு வந்திருக்கும். பிரதான லாக்கில் ஏறாத தொடர்புகள் அதில் கிடைக்கலாம். இரண்டு யூஎஸ்பியில் பிரதி எடுத்து, ஒன்றை வீட்டாரிடமும் ஒன்றை மன்றத்திடமும் வையுங்கள். கணினியைப் பேரனுக்குக் கொடுக்கிறோம் என்று ஃபார்மட் போடும் வேலை இதற்குப் பிறகுதான். காகித லாக் புத்தகங்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யுங்கள். பென்சிலில் எழுதியவை கைபேசிப் படத்தில் மங்கும், சாய்வான வெளிச்சத்தில் எடுங்கள். நேரம் உலகப் பொது நேரமான யூடிசியிலா, இந்திய நேரத்திலா என்பதை முதல் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். ஐந்தரை மணி நேர வித்தியாசத்தில் தேதியே மாறி, எந்தத் தொடர்பும் எதிராளி லாக்கோடு பொருந்தாமல் போகும்.

ஏஆர்ஆர்எல்லின் 'லாக்புக் ஆஃப் த வேர்ல்டு' சேவையில் அவர் ஏற்றாமல் விட்டவை இருந்தால், வீட்டார் சம்மதத்தோடு அந்த நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்டு ஏற்றுவதே முறை. கடவுச்சொல்லை ஊகித்து உள்ளே நுழைவதை நண்பர் என்ற உரிமையில்கூடச் செய்யாதீர்கள்.

அழைப்புக்குறி அடுத்து யாருக்கு? இந்தியாவில் உரிமம் தனிநபருக்கு. தகப்பனார் குறியைப் பிள்ளை அப்படியே எடுத்துப் பேச முடியாது. பிள்ளை தானே தேர்வெழுதி, தன் உரிமத்தில்தான் பேச வேண்டும். உரிமம் வழங்கும் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவுக்கு இறப்புச் சான்றிதழ் நகலோடு ஒரு கடிதம் போட்டுவிடுங்கள். அமெரிக்காவில் வேறு ஏற்பாடு: ஒருவர் இறந்தபின் இரண்டு வருடம் அந்தக் குறியை அந்நாட்டில் உரிமம் வழங்கும் எஃப்சிசி பொதுவாக யாருக்கும் கொடுக்காது. ஆனால் உரிமமுள்ள நெருங்கிய உறவினர் அதற்கு முன்பே கேட்டுப் பெறலாம். அவர் உறுப்பினராக இருந்த மன்றமும், உறவினர் ஒருவரின் எழுத்துச் சம்மதம் இருந்தால், நினைவுக்குறியாகப் பெறலாம். இதற்கு மூத்த முன்னுதாரணம் டபிள்யூ1ஏடபிள்யூ. ஏஆர்ஆர்எல்லைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹைரம் பெர்சி மாக்ஸிமின் குறி அது. அவர் 1936-இல் இறந்தார்; குறி சங்கத்துக்கே வந்தது. கனெக்டிகட் மாநிலம் நியூயிங்டனில் அவர் பெயரிலான நினைவு நிலையம் இன்றும் அதே குறியில் மோர்ஸ் பயிற்சி ஒலிபரப்புகிறது. மன்னர் ஹுசைன் 1999-இல் இறந்தார். 2018 டிசம்பரில் விண்ணுக்குப் போன ஜோர்டானின் சின்னஞ்சிறு செயற்கைக்கோளுக்கு ஜேஒய்1சாட் என்றே பெயர்.

நாம் இங்கே செய்யக்கூடியது, ஏடி, ஏயூ போன்ற முன்னொட்டில் குறுகிய காலச் சிறப்புக் குறி கேட்டு விண்ணப்பித்து, நினைவு நாளையொட்டி இயக்குவது. அனுமதி நாளைக்கே வந்துவிடாது, ஆகவே நினைவு நாளுக்குப் பல மாதம் முன்பே தொடங்குங்கள். முதல் சிக்யூ (யாரும் பதில் தரலாம் என்ற பொது அழைப்பு) அழைப்பதற்கு முன் க்யூஎஸ்எல் அட்டை (பேசியதை உறுதிசெய்து அனுப்பும் அட்டை) யார் பொறுப்பு என்று ஒரு பெயரை முடிவுசெய்யுங்கள். இத்தகைய நிகழ்ச்சிகள் கெட்ட பெயர் வாங்குவது பெரும்பாலும் இங்கேதான்: இரண்டு நாள் உற்சாகமாகப் பேசிவிட்டு, அட்டை கேட்டவர்களுக்கு இரண்டு வருடம் பதில் இல்லை. அட்டை 14 x 9 சென்டிமீட்டர். பெரிதாக்கினால் க்யூஎஸ்எல் பீரோ (அட்டைகளை மொத்தமாக வாங்கிப் பிரித்தனுப்பும் அலுவலகம்) பெட்டிகளில் மடங்கும். அவர் பழைய அட்டையின் முன்பக்கத்தையே ஸ்கேன் செய்து போடுங்கள், புதிய வடிவமைப்பைவிட அது அழகாக இருக்கும்.

இனிக் கருவிகள். துணைவியாரிடம் முதல் நாளே மூன்று விஷயம் சொல்லுங்கள்: எதையும் ஆன் செய்ய வேண்டாம், எந்த வயரையும் வெட்ட வேண்டாம், யார் வந்து 'மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் அம்மா' என்றாலும் ஒரு மாதம் பதில் சொல்ல வேண்டாம். கடைசியில் சொன்னவர்கள் பதினாறாம் நாளுக்கு முன்பே வருவார்கள். துக்கம் விசாரிக்க வந்த கண் அலமாரியை மேய்வதைப் பார்த்திருப்பீர்கள்.

வால்வு வைத்த லீனியர் ஆம்ப்ளிஃபயர் (சிக்னலின் சக்தியைப் பெருக்கும் கருவி) இருந்தால் அதுதான் அந்த அறையில் ஆளைக் கொல்லக்கூடியது. உள்ளே பிளேட் மின்னழுத்தம் 2,000 முதல் 3,500 வோல்ட் வரை இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் சார்ஜ் நிற்கும். அதை வடிக்க வேண்டிய பிளீடர் ரெசிஸ்டர் வயதாகி அறுந்திருந்தால் எவ்வளவு நேரமானாலும் வடியாது. பிளக்கைக் கழற்றி, 'திறக்காதே' என்று தாள் ஒட்டிவிட்டு, அனுபவமுள்ளவர் வரும்வரை விட்டுவிடுங்கள். அவரும் ஒரு கையால்தான் வேலை செய்வார், சேசிஸோடு இணைத்த காப்பிட்ட கம்பியால் தொட்டு வடித்தபிறகுதான் உள்ளே விரல் வைப்பார். சில பவர் டிரான்சிஸ்டர்கள், வால்வுகளின் வெள்ளைப் பீங்கானில் பெரிலியம் ஆக்சைடு இருக்கும். அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. உடைக்கவோ அரத்தால் ராவவோ கூடாது. எண்ணெய் நிரப்பிய பழைய டம்மி லோடு (சோதனையில் ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டுவது) கிடந்தால், அந்த டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு சிந்தாமல் மூடி வையுங்கள். சாக்கடையில் கொட்டாதீர்கள்.

பல வருடம் ஓடாத பழைய ரிசீவரை 'வேலை செய்கிறதா பார்ப்போம்' என்று நேரே 230 வோல்ட்டில் செருகுவது இன்னொரு தவறு. உள்ளிருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் காய்ந்துபோயிருக்கும், புகையோடு டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து போகும். வேரியாக் (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்து 40 வோல்ட் அளவில் தொடங்கி, சில மணி நேரம் எடுத்துப் படிப்படியாக ஏற்ற வேண்டும். சோதிக்க நேரமில்லையென்றால் 'சோதிக்கப்படவில்லை' என்று எழுதி விற்பது நேர்மை.

பட்டியல் எடுக்கும்போது ஒவ்வொரு கருவிக்கும் மாடல், வரிசை எண், முன்புறப் படம், பின்புறப் படம். டிரான்ஸீவரோடு (அனுப்பவும் வாங்கவும் ஒரே கருவி) அதன் மைக், டிசி கேபிள், கையேடு மூன்றையும் ஒரே பெட்டியில் போடுங்கள். நான்கு பின், ஆறு பின் என்று கம்பெனிக்குக் கம்பெனி கேபிள் மாறும், பிரிந்துவிட்டால் விலை சரியும். மெமரி கீயர் (மோர்ஸ் அடிக்க உதவும் மின்னணுக் கருவி), மல்டிமீட்டரிலுள்ள செல்களை அன்றே கழற்றிவிடுங்கள், கசிந்தால் போர்டு அரித்துவிடும். விலை மதிப்பிட இரண்டு பேர். மதிப்பிட்டவர் அதே பொருளை வாங்கக் கூடாது. இதை முதலிலேயே குழுவில் அறிவித்துவிட்டால் பாதி மனஸ்தாபம் குறையும். 'அந்த ஆன்டெனா டியூனர் நான் இரவல் கொடுத்தது' என்பவர்களும் வருவார்கள், சிலர் உண்மையாகவே. ஒரு தேதிக்குள் எழுத்தில் சொல்லச் சொல்லுங்கள். மன்றம் கமிஷன் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

வாங்குபவர் யார் என்பதில் சட்டம் குறுக்கே வரும். உரிமமின்றி வானொலிக் கருவி வைத்திருப்பது 1933-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே குற்றம், 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் அனுமதி கேட்கிறது. ஆகவே டிரான்ஸீவரை உரிமம் உள்ள ஹாமுக்கோ, உரிமம் பெற்ற கல்லூரி மன்றத்துக்கோ மட்டும் கொடுங்கள். உரிம நகலையும் கையெழுத்திட்ட ரசீதையும் வாங்கி வீட்டாரிடம் வையுங்கள். பழைய பொருள் வாங்குபவரிடமோ பொது விற்பனைத் தளத்திலோ போடுவது அந்த அம்மாவை வம்பில் மாட்டிவிடுவதாகும்.

அவர் கையால் கட்டிய கருவிகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிஸ்கட் டப்பாவில் கட்டிய கீயரும், எவர்சில்வர் டிபன் பாக்ஸில் அடைத்த க்யூஆர்பி (குறைந்த சக்தி) டிரான்ஸ்மிட்டரும் விலை போகாது, ஆனால் அவர் எப்படி யோசித்தார் என்பது அதில்தான் இருக்கிறது. மூடியைத் திறந்து உள்ளே படமெடுத்து, சர்க்யூட்டை வரைந்து ஒட்டி, மன்றத்தில் வையுங்கள். அவர் சொந்த இணையதளம் வைத்திருந்தால் இதே அவசரம் அதற்கும் உண்டு: ஹோஸ்டிங் பணம் நின்றதும் காணாமல் போகும். இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் ஒவ்வொரு பக்கமாகச் சேமியுங்கள், முகப்பை மட்டும் சேமித்தால் உள்ளிருக்கும் படங்கள் வராது.

டவரைச் சீக்கிரம் இறக்க வேண்டியதில்லை, பாதுகாப்பாக இறக்க வேண்டும். மழை, காற்று இல்லாத நாள். ஏறுவதற்கு முன், டவரை இழுத்துப் பிடிக்கும் 'கை வயர்'களின் டர்ன்பக்கிளும் (இறுக்கும் திருகு) அடித்தள போல்ட்டும் துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். துரு இருந்தால் தற்காலிகமாக வேறு கயிறு கட்டாமல் ஒருவரும் ஏறக்கூடாது. முதலில் யாகி ஆன்டெனா, பிறகு உச்சிக் கம்பமான மாஸ்டும் அதைத் திருப்பும் ரோட்டேட்டரும், அதன்பின் டவரை மேலிருந்து ஒவ்வொரு துண்டாக. கை வயரை அவிழ்ப்பது அந்தந்தத் துண்டு வரும்போது மட்டும். பக்கத்தில் மின்கம்பி போனால், துண்டு சாய்ந்து விழுந்தாலும் எட்டாத தூரம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். எட்டுமென்றால் மின்வாரியத்திடம் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான். ஆன்டெனாக் குழாய்களின் முனையில் குளவி கட்டியிருக்கும், அறுபதடி உயரத்தில் அதைக் கண்டுபிடிப்பது நல்லதல்ல.

கடைசியாக க்யூஎஸ்எல் அட்டைகள். ஷூ பெட்டி ஷூ பெட்டியாக இருக்கும், முதலில் பழைய பேப்பருக்குப் போவதும் அவைதான். இன்றில்லாத நாடுகளிலிருந்து வந்தவை, தீவுப் பயண அட்டைகள், 1950, 60-களின் இந்திய அட்டைகள் ஆகியவற்றைத் தனியாக எடுங்கள். வியன்னாவிலுள்ள வானொலி ஆவணக் காப்பகம் உலகெங்கிலுமிருந்து இப்படிப்பட்ட தொகுப்புகளைச் சேகரித்து வைத்திருக்கிறது. அனுப்புமுன் எழுதிக் கேளுங்கள். எல்லாவற்றையும் அனுப்பிவிடாமல், அவருடைய முதல் தொடர்பின் அட்டையை மட்டுமாவது வீட்டாரிடம் விடுங்கள்.

அவர் பெயருக்கு பீரோ வழியாகப் புதிய அட்டைகள் இன்னும் சில வருடம் வந்துகொண்டேயிருக்கும். மன்றத்தில் ஒருவர் அவற்றை வாங்கி, லாக் பிரதியில் பார்த்து, தொடர்பு இருந்தால் அவருடைய மிச்சமிருக்கும் வெற்று அட்டையிலேயே விவரம் எழுதி, மூலையில் 'சைலன்ட் கீ, லாக்கைப் பார்த்து உறுதிசெய்தவர்' என்று தன் குறியை இட்டு அனுப்பலாம். அதற்காக வெற்று அட்டைகளில் ஐம்பதையாவது இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.